கடிக்கிற மோட்டார்

பத்து வயதில் நான் வாங்கிய அடிகளில் பாதிக்கு மேல் கிணற்றடியில் வாங்கியவை. மற்ற பிள்ளைகள் பொய் சொல்லியும், பள்ளிக்கு மட்டம் போட்டும், அடுத்த வீட்டுக் கொய்யாவில் கல்லெறிந்தும் அடி வாங்கினார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போனதற்காக வாங்கினேன். ஊரில் எல்லா அம்மாக்களும் பெண் பிள்ளைகளைத் தண்ணீர் எடுக்கச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் அம்மா மட்டும் எடுக்கக்கூடாது என்று அடித்தாள். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. குடிதண்ணீர் தெருக்குழாயில். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவக் கிணற்றுத் தண்ணீர். நாக்கில் வைத்தால் கரிக்கும். கிணற்றடியில் ஒரு சிறிய மின்சார மோட்டார் இருந்தது. அப்பா ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கிளார்க். தெருவில் முதல் மோட்டார் நம் வீட்டில்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்வு உண்டு. மோட்டாரைப் போட அடுப்படிச் சுவரில் ஸ்விட்ச். போட்டதும் தண்ணீர் வந்துவிடாது. மோட்டாரின் தலையில் ஒரு மூடியைத் திருகித் திறந்து, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திரும்ப முறுக்கவேண்டும். சில நாள் ஓடும்போதே மூடியை இறுக்கிக் கொடுக்கவேண்டும். இத்தனையும் அம்மாதான் செய்வாள். செய்வதற்கு முன் ஒரு மீன்பெட்டிப் பலகையை எடுத்து வந்து தரையில் போட்டு அதன்மேல் ஏறி நிற்பாள். முந்தானையின் காய்ந்த பக்கத்தை நாலாக மடித்துக் கையில் சுற்றிக்கொள்வாள். காலில் சேறு படக்கூடாது, கையில் மசகு ஒட்டக்கூடாது என்று அம்மாவுக்குப் பெரிய சீமாட்டி நினைப்பு என்று எனக்கு எண்ணம்.

மோட்டார் கடிக்கிறது என்று அவள் சொல்லத் தொடங்கியது எனக்கு ஒன்பது வயதாக இருந்த கோடையில். கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாயை உப்பு அரித்து ஓட்டை போட்டுவிட்டதால், அப்பா அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தார். ஒரு மாதம் போயிருக்கும்.

“மோட்டாரத் தொட்டா சுருக்குன்னு கடிக்கு” என்றாள் அம்மா.

அப்பா அப்போது ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பாலீஷ் போட்ட ஷூவோடு கிணற்றடிக்குப் போனார். ஓடுகிற மோட்டாரின் முதுகில் கையை வைத்தார். குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் இல்லை.

“எனக்குக் கடிக்கலயே. ஒனக்கு மட்டும் எப்படி ஏளா கடிக்கும்?”

அடுத்த மாதமும் அவள் சொன்னபோது, டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு, நரம்பு பலவீனம் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு கரண்டி. கருங்காவி நிறத்தில் இரும்பு வாடை அடிக்கும் டானிக். அதைக் குடித்த பிறகும் மோட்டார் கடித்தது. சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று அப்பா வயர்மேன் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அவர் ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பைக் கொண்டுவந்து, அதன் ஒரு வயரை மோட்டார் உடம்பிலும் மற்றதை மோட்டாரிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பியிலும் வைத்துக் காட்டினார். பல்ப் எரியவில்லை. “கரண்ட் இருந்தா பல்ப் எரியணும்லா?” என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. பல்பை எங்கள் வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்காள், அதற்கு வேறு வைத்தியம் சொன்னாள். அவளுடைய தாத்தா காலத்தில் முத்துக்குளிக்கப் போகும்போது, சுறா கடிக்காமல் இருக்க அதன் வாயைக் கட்டி மந்திரிக்கிறவரைக் கூடவே வைத்திருப்பார்களாம். கடிக்கிற மோட்டாருக்கும் வாயைக் கட்டிவிட்டால் தீர்ந்தது. அந்தக் காலத்து மந்திரக்காரர்கள் இப்போது இல்லாததால், மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளிக்கலாம் என்றாள். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் மோட்டாரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். பலகை மட்டும் வந்தது.

எனக்குப் பத்து வயதான வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கப்பலில் எலக்ட்ரீஷியன். மூன்று மாத லீவு. வழக்கமாகச் சோப்பும் செண்டும் கொண்டுவருகிறவர், இந்த முறை சிங்கப்பூரில் வாங்கிய ஒரு மீட்டரைக் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸ் அளவு. எல்லா மீட்டரிலும் ஊசி ஆடும். இதில் ஊசியே இல்லை. சிவப்பு எழுத்தில் எண்ணே எரிந்தது. வீட்டுப் பிளக்கில் வைத்தார். 231. அடுத்த நொடி 229. பிறகு 230. மின்சாரத்தை இத்தனை அருகில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

மாமா அளக்கும் விதமே ஒரு பூசை. வாத்தியார் முன் நிற்கும் பையன்போல் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையாலும் அளந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பார். மீட்டரிலிருந்து வரும் இரண்டு வயர்களில் கருப்பு முனையை முதலில் ஒரு கவ்வியால் மாட்டிவிடுவார். சிவப்பை மட்டும் வலக்கையில் பிடிப்பார், அதுவும் நுனியிலிருந்து தள்ளி. மீட்டரில் திருப்புகிற குமிழை எப்போதும் பெரிய எண்ணில் வைத்துத்தான் தொடங்குவார். முதலில், கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த பிளக்கில் அளப்பார். பிறகு சந்தேகமான இடத்தில். பிறகு மறுபடியும் அதே பிளக்கில். நடுவில் மீட்டரே செத்துப்போய்ப் பூஜ்யம் காட்டினால் அதை நம்பிக் கையை வைத்துவிடக்கூடாதே என்று விளக்கினார். மூன்று முறை அளப்பது அத்தைக்குப் பிடித்திருந்தது. பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று கணக்கு வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்குக் கை துறுதுறுத்தது. மீட்டரைக் கையில் வாங்கினார், குமிழைத் திருப்பினார், பிளக்கில் வைத்தார். பூஜ்யம்.

“கரண்ட் போயிட்டு மாப்ள” என்று சொல்லிக்கொண்டே பிளக்கின் ஓட்டைக்கு விரலைக் கொண்டுபோனார். மாமா பாய்ந்து கையைப் பிடித்தார்.

“அத்தான்! நெளிக்கோட்டுல வைங்க. நீங்க நேர்கோட்டுல வச்சிருக்கியோ. அது பேட்டரிக்கு. வீட்டுக் கரண்டு நெளிஞ்சு நெளிஞ்சுல்லா வருது.”

அப்பா குமிழைப் பார்த்தார். அங்கே ஒரு நேர்கோடும் ஒரு நெளிக்கோடும் வரைந்திருந்தன. கோடு கோடாகப் போட்டு வைத்தால் யாருக்குத் தெரியும் என்று முனகினார். பிளக்குக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு விரல் அகல தூரம்தான் இருந்தது. அன்றைக்கு எல்லாரும் சிரித்துவிட்டோம்.

பேய் வந்தது மறுநாள். கூடத்தின் நடுவில் விளக்கு இல்லாமல் ஒரு பழைய வயர் தொங்கிக்கொண்டிருந்தது. எதோடும் இணைப்பு இல்லை, வெட்டிவிட்டது. மாமா சும்மா விளையாட்டாக அதில் மீட்டரை வைத்தார். 62.

“செத்த வயர்ல எப்படி மாப்ள?” என்றார் அப்பா.

“இதுதான் கோஸ்ட் வோல்டேஜ். பேய்னு சொல்லுவோம் கப்பல்ல” என்றார் மாமா. அந்த வயர் சுவரில் மற்ற உயிர் வயர்களோடு சேர்ந்தே ஓடுகிறதாம். கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்தால் துணியில் ஏறுகிற வாடைபோல, பக்கத்து வயரின் கரண்ட் இதில் லேசாக ஏறுகிறதாம். ஊசி மீட்டருக்கு அந்த வாடை தெரியாது. இந்த மீட்டருக்கு மூக்கு கூர்மை. வயர்மேன் அண்ணாச்சி விட்டுப்போன பல்பை எடுத்து, மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே மாட்டினார். 62 சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. பல்ப் எரியவில்லை.

“பேய்க்குத் தெம்பு கெடையாது. ஒரு வேலையக் குடுத்தா ஓடிப்போயிரும்.”

“அப்படின்னா இந்த வீட்டுல பேய் ஒண்ணுக்கு மேல இருக்கு” என்றாள் அம்மா, அப்பாவின் பக்கம் திரும்பாமலே. அத்தைகூடச் சிரித்தாள்.

அத்தைக்கு மற்றதெல்லாம் விளங்கவில்லை, பேய் மட்டும் விளங்கியது. மதியத்துக்குள் தீர்த்தம் வந்துவிட்டது. அதை ஸ்விட்ச் போர்டில் தெளிக்க வந்தவளை மாமா இரண்டு கையையும் விரித்து மறித்தார். மோட்டார்மேல் கொஞ்சம் தெளித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. தூத்துக்குடியில் எத்தனை வீட்டில் கரண்ட் இருந்தாலும், பேய்க்கரண்ட் எங்கள் வீட்டில் மட்டும்தானே இருக்கிறது. பள்ளியில் சொன்னேன். நம்பாதவர்களை நேரில் வந்து பார்க்கச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை மூன்று பேர் வந்துவிட்டார்கள். கூடத்து வயர் உயரத்தில் இருந்தது, எட்டவில்லை. மாமாவின் மீட்டரைத் தொட எனக்கு உரிமை இல்லை. வந்தவர்களுக்கு எதையாவது காட்டியாகவேண்டும். அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. அம்மாவைக் கடிக்கிறதும் பேய்தானே? தெம்பில்லாத பேய்க்கு எதற்குப் பயப்படவேண்டும்? மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பலகை சுவரோரம் சாத்தியிருந்தது.

“இங்கன பாருங்க, நான் தொடுதேன்” என்று சொல்லி, ஈரத் தரையில் வெறுங்காலோடு போய்க் கையை நீட்டினேன்.

ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது என் சடை பின்னால் இழுபட்டது. நானும் அம்மாவும் சேர்ந்தே சேற்றில் விழுந்தோம். எழுந்திருக்குமுன் அடி விழத் தொடங்கியது. முதுகு, தோள், தலை, எங்கே கை பட்டதோ அங்கே. வந்த மூன்று பேரும் வாசலுக்கு ஓடினார்கள். அதுதான் எனக்கு அடியைவிட வலித்தது. அடிக்கும்போதே அம்மா என் கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தாள். அடுத்து எங்கே அடிக்கலாம் என்று தேடுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு எல்லாரும் வந்தார்கள். அம்மா என்னை விட்டுவிட்டு மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

“பேயாம் பேய்! ஒன் பேயால எம் பிள்ள இன்னைக்குப் போயிருப்பாளே! ஒரு வருசமாச் சொல்லுதேன், கடிக்கு கடிக்குன்னு. ஒருத்தருக்காவது காது கேட்டுதா? டானிக் வாங்கிக் குடுக்கியோ!”

மாமாவுக்கு இந்த மோட்டார்க் கதை அதுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை, அது முடிந்துபோன விஷயம். அவர் மீட்டரை எடுத்துவந்தார். அடுப்படிப் பிளக்கில் அளந்தார், 228. இடக்கை முதுகுக்குப் பின்னால் போனது. கருப்பு முனையை மோட்டாரின் எர்த் கம்பியில் கவ்வவிட்டு, சிவப்பை மோட்டாரின் உடம்பில் வைத்தார். பகல் வெளிச்சத்தில் எண் தெரியவில்லை. அப்பா குடையை விரித்து நிழல் பிடித்தார். 0. திரும்பப் பிளக்கில் அளந்தார், 229. மீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

“ஜீரோதான் காட்டுது அக்கா” என்றார் தயக்கத்தோடு.

அப்பா குடையை மடக்கினார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் வாயால் சொல்லவில்லை, மடக்கிய விதத்தில் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். இல்லாத ஒன்றுக்காக என்னை அடித்திருக்கிறாள் என்று ஆகிவிட்டதே.

அம்மா சேற்றுப் புடவையோடு அந்தக் கருப்பு முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்லே அத அங்கன மாட்டியிருக்க? நான் அங்கனயா நிக்கேன்?”

“என்னக்கா?”

“ஒரு முனை மோட்டார்ல. அது என் கை. இன்னொண்ணு என் காலுல்லா? நான் நிக்கிற எடத்துல வையி.”

மாமா கருப்பு முனையைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“மோட்டாரப் பத்தி மோட்டார்ட்டயே கேட்டிருக்கேன்” என்றார்.

கடப்பாரையை எடுத்துவரச் சொன்னார். மோட்டாரை நிறுத்தி, அடுப்படியில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வழக்கமாகப் பலகை கிடக்கும் இடத்துக்குப் பக்கத்து ஈர மண்ணில் கடப்பாரையை முழங்கை ஆழத்துக்கு இறக்கினார். கருப்பு முனையை அதில் கவ்வவிட்டார். எங்களை எல்லாம் அடுப்படிப் படிக்கு மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, ஃபியூஸைத் திரும்ப மாட்டி மோட்டாரைப் போட்டார். காலில் அப்பாவின் ரப்பர் செருப்பு, முதுகுக்குப் பின்னால் ஒரு கை. சிவப்பு முனையை மோட்டார்மேல் வைத்தார். அப்பா எட்டி நின்று குடையைச் சாய்த்தார்.

138.

எண் 137க்குப் போய் மறுபடி 138க்கு வந்தது.

அப்பாதான் முதலில் பேசினார். “அதும் பேயா இருக்கும் மாப்ள. அன்னைக்கு நீதானே சொன்ன?”

இப்போதுகூட எனக்கு அப்பாமேல் கோபம் வருவது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஷூ போட்டுக்கொண்டு தட்டிப் பார்த்ததற்கு அல்ல, தெரியாமல் செய்தார். டானிக்குக்கும் அல்ல, டாக்டர் சொன்னார். ஆனால் கண்ணுக்கு நேரே 138 எரிந்துகொண்டிருக்கும்போதும், அம்மா சொன்னது பொய் என்று ஆவதற்கு ஒரு வழி பாக்கி இருக்கிறதா என்று தேடினார் பாருங்கள்.

மாமா பல்பைக் கொண்டுவரச் சொன்னார். மோட்டாரை நிறுத்தி, மறுபடி ஃபியூஸைப் பிடுங்கி, பல்பை மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே மாட்டினார். பேய் என்றால் வேலை கொடுத்ததும் ஓடவேண்டும். மோட்டாரைப் போட்டார். எண் நாலைந்து குறைந்து நின்றுவிட்டது. பல்ப் மஞ்சளாக எரிந்தது. பகலில் அவ்வளவு தெளிவாக ஒரு பல்ப் எரிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“பல்பு எரியுது” என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் சொன்னதுதான் சரி என்று ஆனபிறகு ஏன் அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானமே மாமா எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார். மோட்டாரின் உள்ளே கம்பிச் சுருளில் பூச்சு வெந்து, கரண்ட் உடம்புக்கு ஏறியிருந்தது. எர்த் கம்பியைப் பிடித்து இழுத்தபோது மண்ணுக்குள் ஒரு முழத்திலேயே கையோடு வந்துவிட்டது. உப்பு தின்று மீதி வைத்த துண்டு அது. மண்ணைத் தொடாமல் மோட்டாரோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த கம்பி. மோட்டாரில் 138 என்றால் அதிலும் 138. இரண்டுக்கும் நடுவில் வயர்மேன் அண்ணாச்சி பல்பை வைத்தாலும், மாமா சிங்கப்பூர் மீட்டரை வைத்தாலும், வித்தியாசம் பூஜ்யம்தான். பழைய இரும்புக் குழாய் இருந்தவரை அது கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்கிக் கரண்டை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் குழாய் வந்ததும் அந்த வழியும் அடைத்துவிட்டது. “பலகையும் முந்தானையும் இல்லாட்டி அக்கா என்னைக்கோ...” என்று தொடங்கிய மாமா, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போது, அம்மா டானிக் பாட்டிலைக் கொண்டுவந்து அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கரண்டியையும் வைத்தாள். அப்பா பாட்டிலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இரண்டு கரண்டி ஊற்றிக் குடித்துவிட்டு, மோர் கேட்டார். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்று ஒன்று கேட்கப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்போது அது மன்னிப்பு என்றும் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் ரத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

மோட்டாரைக் கொண்டுபோய்ப் புதுச் சுருள் கட்டிக்கொண்டு வந்தார்கள். கிணற்றடியில் ஆளுயரம் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, புதிதாக எர்த் போட்டார் மாமா. பிறகு அதே கடப்பாரை, அதே குடை, மூன்று முறை அளவு. மோட்டாரில் சிவப்பு எழுத்தில் வெறும் பூஜ்யம், புள்ளிக்குப் பின்னால் ஏதோ சில்லறை. மாமா திருப்தியாக மீட்டரைப் பெட்டியில் வைத்தார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. பலகையைக் காலால் தள்ளிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். புறங்கையால் மோட்டாரை ஒருமுறை ஒற்றிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்தினாள். எண்ணிக்கொண்டிருந்தாளோ, செபம் சொன்னாளோ, நெடுநேரம் எடுக்கவே இல்லை.

கையை எடுத்ததும் என்னைத்தான் கூப்பிட்டாள். “ஏளா, இங்கன வா. இனிமே நீ தண்ணி எடு.”

எனக்கு வந்ததே ஆத்திரம். ஒரு வருடம் கிணற்றடிப் பக்கமே அண்டவிடாமல் அடித்து விரட்டினாள். ஊர்ப் பிள்ளைகள் முன் சடையைப் பிடித்து இழுத்தாள். இப்போது ரிப்பேர் ஆகி எல்லாம் நன்றாக இருக்கும்போது, தன் வேலையை என் தலையில் கட்டுகிறாள். மாட்டேன் என்று சொல்லப் பயமாக இருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்றே முணுமுணுத்தபடி போய் மூடியைத் திருகினேன். அம்மாவுக்குக் கேட்டிருக்கும். இந்தத் தடவை அவள் அடிக்கவில்லை.